ஸ்போர்ட்ஸ் காரில் தினமும் கோவை – திருப்பூர்: உண்மையில் எத்தனை குடுக்கும்?

"ஏன் மாப்ள, எத்தன குடுக்குது?"

வண்டி வாசலில் வந்து நின்று பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாமா விலையைக் கேட்கவில்லை, வேகத்தைக் கேட்கவில்லை. முதல் கேள்வியே மைலேஜ்தான். விற்றவர் சொன்னதை நம்பி நானும், "பன்னண்டு பதிமூணு வருமுங் மாமா" என்றேன். அந்தக் கணக்கில் பெட்ரோலுக்கு மாதம் 24 ஆயிரம் ஒதுக்கியிருந்தேன். முதல் மாத பில்களைக் கூட்டினால் 34 ஆயிரத்தைத் தாண்டியது. ஓடியது 2,900 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 8.6.

அதை 10-க்கு மேல் கொண்டுவர எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதில் பாதி வண்டியைத் திருத்தியது, மீதி என் கணக்கைத் திருத்தியது. ஸ்போர்ட்ஸ் காரை ஞாயிற்றுக்கிழமை பொம்மையாக வைக்காமல், தினமும் வேலைக்கு ஓட்டலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் வண்டி 2016 ஆடி டிடி. 1,984 சிசி டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், எடை சுமார் 1,400 கிலோ. பெங்களூரில் பழைய வண்டியாக வாங்கியது. வீடு கோவை ராமநாதபுரம், வேலை திருப்பூரில் பின்னலாடைத் துணியைச் சீராக்கும் ஒரு காம்பாக்டிங் யூனிட். ஒரு நடைக்கு 52 கிலோமீட்டர், மாதம் 25 நாள். உங்களுடையது இசட்4, கேமன் என்று எதுவாக இருந்தாலும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும். 5 லிட்டர் வி8 மஸ்டாங் வைத்திருப்பவர்கள் என் எண்களைப் பார்த்து வயிறெரியக் கூடாது.

1. வாங்கும் முன்: உங்கள் வழியைத் துண்டு போடுங்கள்

விளம்பரத்தில் போடும் மைலேஜ் சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்தது. அங்கே ஏசி கிடையாது, வேகம் 90-ஐத் தாண்டாது, ஹோப் காலேஜ் சிக்னலும் கிடையாது. அந்த எண்ணை விட்டுவிட்டு ஒரு காகிதம் எடுங்கள். தினமும் போகும் வழியை மூன்று துண்டாகப் பிரியுங்கள்: ஊருக்குள், நான்குவழிச் சாலை, நடுத்தர நெரிசல்.

என் வழி இப்படி:

கோவைக்குள் 12 கிமீ, லிட்டருக்கு 7. செலவு 1.71 லிட்டர்.
கோல்டுவின்ஸ் முதல் அவினாசி வரை 27 கிமீ, லிட்டருக்கு 14.5. செலவு 1.86 லிட்டர்.
அவினாசி முதல் திருப்பூர் வரை 13 கிமீ, லிட்டருக்கு 8.5. செலவு 1.53 லிட்டர்.

மொத்தம் 5.10 லிட்டர். 52-ஐ இதால் வகுத்தால் 10.2.

இங்கேதான் எல்லோரும் விழும் குழி இருக்கிறது. நானும் விழுந்தேன். கிலோமீட்டரை வைத்து மைலேஜுக்குச் சராசரி போட்டால் 11.3 வரும். பார்க்கச் சரியாகத்தான் தெரியும், ஆனால் தவறு. மைலேஜைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. லிட்டரைத்தான் கூட்ட வேண்டும். இந்த ஒரு பிழையில் மட்டும் மாதம் 24 லிட்டர், அதாவது 2,400 ரூபாய்க்கு மேல் துண்டு விழுந்தது. (லிட்டர் 102 ரூபாய் என்று வைத்து எல்லாக் கணக்கும் போட்டிருக்கிறேன்.)

இன்னொன்றும் பாருங்கள். ஹைவேயில் ஓடும் 27 கிலோமீட்டர் குடிப்பது 1.86 லிட்டர். மிச்சமுள்ள 25 கிலோமீட்டர் குடிப்பது 3.24. ஆகவே "ஹைவேல பதினஞ்சு குடுக்குதுங்" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் பணம் போவது ஹைவேயில் இல்லை, அவ்வளவுதான்.

நான் வண்டி வாங்கிய பிறகு அவினாசி ரோடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது. உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்கினால் 10 கிலோமீட்டர் நிற்காத ஓட்டம். ஊருக்குள் 7 என்றிருந்தது 9 ஆனது. மாதம் 50 நடைக்குக் கணக்குப் போட்டால் 19 லிட்டர் மிச்சம். மெக்கானிக்கிடம் கொடுத்த காசெல்லாம் சேர்ந்துகூட இவ்வளவு மிச்சம் தரவில்லை. ஜி.டி. நாயுடு பெயரை அந்தப் பாலத்துக்கு வைத்தது சாலப் பொருத்தம்.

2. விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் யாரும் கேட்பார்கள். மைலேஜைச் சொல்லும் காகிதங்கள் வேறே இருக்கின்றன.

முதலில் புகைச் சான்று. பலரும் மடித்து டாஷ்போர்டில் போட்டுவிடுகிற அந்தத் துண்டைப் பிரித்துப் படியுங்கள். பிஎஸ்4 (புகை அளவு விதி) பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். லாம்டா என்று ஓர் எண் இருக்கும், காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்கிறதா என்று சொல்வது. அது 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும். லாம்டா ஒன்றுக்குக் கீழே, கார்பன் மோனாக்சைடு வரம்பை ஒட்டி என்றால் வண்டி பெட்ரோலைத் தேவைக்கு அதிகமாகக் குடிக்கிறது. ஆக்சிஜன் சென்சாரோ வேறெதுவோ தகராறு. பழைய சான்றை நம்ப வேண்டாம், விற்பவரைக் கூட்டிக்கொண்டு போய் உங்கள் கண்ணெதிரே ஒன்று எடுத்துவிடுங்கள். நூற்றுச் சொச்சம் ரூபாய்ச் செலவு. எஞ்சினை ஓடவிடாமலேயே காகிதம் அடித்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு, அங்கே போகாதீர்கள்.

அடுத்து சர்வீஸ் பில்கள். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் எப்போது மாற்றினார்கள் என்று தேடுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலையில் குறையுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம் செய்தது. அதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கடைசியாக, வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "ரீமேப் பண்ணியிருக்கா?" சக்தியைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றுவதுதான் ரீமேப். ஸ்போர்ட்ஸ் காரை யாராவது ஒருவர் சும்மா விட்டிருக்க மாட்டார். ஸ்டேஜ் 1 (ரீமேப்பில் முதல் படி) போட்ட வண்டி பெரும்பாலும் உயர் ஆக்டேன் பெட்ரோல், அதாவது எஞ்சினுக்குள் காலம் தப்பி வெடிக்காத பெட்ரோல்தான் கேட்கும். இன்சூரன்ஸில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கிளெய்ம் சமயத்தில் சிக்கல் வரும். எனக்கு விற்றவர் "இல்லவே இல்லை" என்றார். இரண்டாவது மாதம் ஸ்கேனர் மாட்டியபோது குட்டு உடைந்தது. பழைய ஃபைலுக்குத் திருப்ப ஒரு நாளும் கொஞ்சம் காசும் போயிற்று.

3. வெளி மாநில வண்டியா? காலத்தையும் கணக்கில் சேருங்கள்

கர்நாடகா, கேரளா, டெல்லி வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். ஆனால் பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று (படிவம் 28), லோன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்குப் படிவம் 35, பெயர் மாற்ற 29, 30, இங்கே புது எண் வாங்க 27 என்று ஒரு கட்டுக் காகிதம் சேர வேண்டும். அங்கே டிராஃபிக் அபராதம் ஒன்று பாக்கி இருந்தாலும் என்.ஓ.சி. நகராது. எனக்கு அதிலேயே மூன்று வாரம் போனது. ஆகவே முழுப் பணத்தையும் என்.ஓ.சி. கைக்கு வரும் வரை கொடுக்காதீர்கள்.

ஆயுள் வரிதான் பெரிய அடி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். ஆனாலும் இந்த ரகக் கார்களுக்கு லட்சங்களில்தான் வரும். விலை பேசி முடிப்பதற்கு முன்பே உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. ஆபீஸில் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், புரோக்கர் சொல்லும் தோராயம் வேண்டாம்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, பிரீமியம் அதற்கேற்ப ஏறும். பழைய ஃபாஸ்டேக்கை அவரே மூட வேண்டும். அவர் மூடாததால் என் வண்டி எண்ணுக்குப் புது டேக் கிடைக்காமல் ஒரு வாரம் சுங்கச்சாவடியில் அதிகப் பணம் கட்டினேன்.

4. அளப்பது: டேங்க் டு டேங்க், வேறு வழியில்லை

மீட்டரில் காட்டும் சராசரியை நம்பாதீர்கள். என் வண்டி 10.9 என்று காட்டிய டேங்கில், 412 கிலோமீட்டருக்கு 41.3 லிட்டர் பிடித்தது. அதாவது 9.98. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பொய். வெளிநாட்டுக் கணக்கில் நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும் வண்டி என்றால் 100-ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். 12.5 காட்டினால் நம் கணக்கில் 8.

முறை இதுதான். ஒரே பங்க், முடிந்தால் ஒரே நாசில். காலையில் போடுங்கள். நாசில் தானாக ஒரு தடவை கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். பையன் ரவுண்டாக்க இன்னும் கொஞ்சம் அழுத்துவார், "வேண்டாமுங் தம்பி, கட்டானதே போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். அடுத்த தடவை அதே போலப் போட்டு, ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்க் போதாது. நான்கு டேங்கின் கிலோமீட்டரையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டி வகுத்தால்தான் நம்பலாம்.

பில்லை அன்றைக்கே போட்டோ எடுங்கள். அந்தத் தாள் வெயில்பட்டால் இரண்டு மாதத்தில் வெள்ளைக் காகிதமாகிவிடும். என்னிடம் அப்படி ஒரு கற்றை இருக்கிறது.

ஊட்டி, வால்பாறை போன டேங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி ஏறினால் டேங்க் கரையும், இறங்கும்போது மீட்டர் குஷியாக 25 காட்டும். இரண்டுமே உங்கள் தினசரிக்குச் சம்பந்தமில்லாதவை.

5. பங்க்கில் கவனிக்க வேண்டியவை

பெட்ரோல் மூடியின் உட்புறம் ஸ்டிக்கர் இருக்கும், அதைப் படியுங்கள். என்னுடையதில் ஆக்டேன் 95 என்று இருக்கிறது. நம் சாதாரண பெட்ரோல் முன்பு 91தான். ஆக்டேன் குறைந்ததைப் போட்டால் எஞ்சின் உடையாது. நாக்கிங் (பெட்ரோல் காலம் தப்பி வெடிப்பது) வராமல் இருக்க கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ளும். இழுவை குறையும், நீங்கள் கூடுதலாக மிதிப்பீர்கள். எக்ஸ்பி95, பவர் 95 போன்றவை லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். என் அளவில் அதில் மைலேஜ் அரை கிலோமீட்டர் ஏறியது. காசுக்குக் காசு சரியாகிவிட்டது, எஞ்சினுக்கு நிம்மதி என்பது இனாம். சாதாரண ஹேட்ச்பேக்குக்கு இதைப் போடுவது வீண் செலவு.

ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் இறங்கத்தான் செய்யும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையே, பழைய தலைமுறைக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்கிறது. 2016 வண்டியில் அதைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள். ஆன்லைனில் கிடைக்கும் 2018 வருடத்து மைலேஜ் எண்களோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள்.

அளவு பற்றி ஒரு சம்பவம். ஹைவேயில் ஒரு பங்க், பெயர் வேண்டாம். முள் கால் டேங்கில் நிற்கிறது. என் டேங்க் 55 லிட்டர். 41 லிட்டர் பிடிக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 46-ஐத் தொட்டது. அஞ்சு லிட்டர் அளவைக் கேன் கொண்டுவரச் சொன்னேன். "கேன் ஆபீஸ் ரூம்ல பூட்டிக் கெடக்குதுங், சாவி மேனேஜர்ட்ட இருக்குதுங்" என்றார் பையன். மேனேஜர் எங்கே என்றேன். "கண்ணாலத்துக்குப் போயிருக்காருங்."

அந்தக் கேனை எல்லா பங்க்கிலும் வைத்திருக்க வேண்டும், கேட்டால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் இருக்கலாம், அதற்குமேல் கூடாது. பம்பில் எடையளவு முத்திரை இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. முள்ளை வைத்து மட்டும் யாரையும் திருடன் என்று சொல்லிவிடவும் முடியாது, கால் டேங்க் என்று காட்டும் முள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால்தான் கேன்.

6. காத்து இரண்டு வகை

முதல் காத்து டயரில். பங்க்கில் சுசுகிக்கும் உங்கள் வண்டிக்கும் ஒரே அளவு பிடிப்பார்கள். "முப்பது போதுமுங்" என்பது ஊர்வழக்கம். கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ உங்கள் வண்டிக்கான அளவு எழுதியிருக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். 40 கிலோமீட்டர் ஓடிச் சூடான டயரில் நாலு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காத்தை இறக்கிவிடுவார்கள். என் நான்கு டயரும் 28-இல் ஓடிக்கொண்டிருந்தன. சரிசெய்தபோது மைலேஜில் பெரிய மாற்றமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பி.எஸ்.ஐ.க்கு 0.2 சதவீதம்தான் வித்தியாசம். ஆனால் ஓரம் தேய்வது நின்றது. இந்த டயர் விலைக்கு அதுவே பெரிய லாபம். சொந்தமாக ஒரு கேஜும் சின்ன பம்பும் வாங்கி டிக்கியில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது காத்து பாலக்காட்டுக் கணவாயில் இருந்து வருவது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று காலையில் திருப்பூர் போகும்போது முதுகைத் தள்ளும், சாயங்காலம் திரும்பும்போது நெஞ்சில் அறையும். 90-இல் போகும் வண்டிக்கு எதிர்க்காற்று 25 என்றால், வண்டியின் மூக்குக்கு அது 115. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். போதாததற்கு கோவையைவிடத் திருப்பூர் சுமார் நூறு மீட்டர் தாழ்வு. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். ஆடியில் என் வண்டி ஹைவே துண்டில் காலையில் 16-ஐத் தொட்டது, மாலையில் 12.5. டெஸ்ட் டிரைவுக்கு யாராவது உங்களைக் காலையில் கிழக்கே கூட்டிப்போனால், திரும்பி வரும் எண்ணையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

7. ஓட்டுவது

இதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 90-லிருந்து 100 வரை ஒரே சீராகப் போனால் போதும், நான்குவழிச் சாலையில் கார்களுக்கான உச்சவரம்பே 100தான். டைனமிக் மோடில் (வேகமாக ஓட்டுவதற்கான செட்டிங்) கியர் தாழ்ந்தே நிற்கும். சத்தம் நன்றாக இருக்கும், பில்லும் நன்றாக இருக்கும். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். கியரில் இருந்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் இஞ்செக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்காக எரித்துக்கொண்டே இருக்கும்.

ஏசி போட்டு நின்றுகொண்டிருந்தால் என் வண்டி மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது. தினமும் கால் மணி நேரம் நின்றால் மாதம் ஆறு லிட்டருக்கு மேல். தயிர் வாங்க இரண்டு கிலோமீட்டர் போனால், எஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். அந்த ஓட்டத்தில் 4 கூட வராது. முதல் மாதத்து 8.6-க்கு இந்தச் சில்லறை ஓட்டம்தான் பெரிய காரணம். அதற்கெல்லாம் இப்போது அம்மிணியின் ஸ்கூட்டர்.

அவினாசி – திருப்பூர் ரோட்டில் ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் அடி தட்டாமல் இருக்க முழுதாக நின்று, குறுக்கே ஏறி, மறுபடி 1,400 கிலோவைத் தள்ள வேண்டும். இதற்கு மருந்தில்லை.

8. பெட்ரோல் தவிர மாதக் கணக்கு

மாதம் 2,600 கிலோமீட்டர், 10.2 என்றால் 255 லிட்டர், 26 ஆயிரம் ரூபாய். லிட்டருக்கு 17 குடுக்கும் சின்னக் கார் என்றால் இதே ஓட்டத்துக்கு 15,600. வித்தியாசம் பத்தாயிரத்துச் சொச்சம். இந்தப் பத்தாயிரம் உறுத்தும் என்றால் வாங்க வேண்டாம், நேராகவே சொல்கிறேன்.

கணியூர் சுங்கச்சாவடிக்கு ஃபாஸ்டேக் வருடப் பாஸ் போட்டுக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு உண்டு, தொடங்கியபோது 3,000 ரூபாய். வருடப் பாஸ் என்று பெயர்தானே தவிர, வருடமோ 200 தடவையோ, எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். போக ஒன்று, வர ஒன்று என்று எனக்கு மாதம் 50 ஆகிறது. நான்கே மாதத்தில் தீர்ந்துவிடும். தீரும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கவில்லை என்றால் அன்றைக்குக் காலையில் முழுக் கட்டணம் போகும்.

டயர் விஷயத்தில் கடைசி நிமிஷத்துக்குக் காத்திருக்காதீர்கள். 245/40 ஆர்18 அளவில் நல்ல டயர் கோவைக் கடைகளில் எல்லா நாளும் இருக்காது. எனக்குச் சென்னையிலிருந்து வரவழைக்க ஒன்பது நாள் ஆனது. ட்ரெட் (டயர் பள்ளத்தின் ஆழம்) 3 மில்லிமீட்டருக்கு இறங்கியதுமே ஆர்டர் கொடுங்கள். தயாரித்த வாரத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். புது டயர் போட்ட முதல் இரண்டு டேங்கில் மைலேஜ் கொஞ்சம் இறங்கும், வண்டியில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்.